ஈயச் சிப்பாயும் எண்களும்: வார்கேமிங்கில் வரலாறு எங்கே இருக்கிறது?

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். நெப்போலியன் காலத்துப் பிரஷ்ய லாண்ட்வேர் (அவசரத்துக்குத் திரட்டிய குடிமக்கள் படை) சிப்பாய்ப் பொம்மைகள் ஒரு பெட்டி வாங்கியிருக்கிறீர்கள், 28 மி.மீ. உயரம், பிளாஸ்டிக். இன்னும் அவற்றை வார்ப்புச் சட்டகத்திலிருந்து வெட்டி எடுக்கக்கூட இல்லை. அதற்குள் ஒரு நண்பர், "இதெல்லாம் வரலாறு இல்லை, தேசப் பெருமைக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை" என்று சொல்லிவிட்டார். அவர் சொல்வது சரிதானா, மினியேச்சர் வார்கேமிங், அதாவது பொம்மைப் படைகளை மேசையில் வைத்து விதிப்படி போர் ஆடுவது, அதை ஆடினால் உண்மையிலேயே ராணுவ வரலாறு தெரியவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம், இல்லை என்று பதில் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது, மேசை மேல் நடப்பதில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன், கொஞ்சம் நீளும்.

இருபது வருடத்துக்கு மேலாக ஆடுகிறேன். பாதி நேரம் ஆட்டக்காரனாக, பாதி நேரம் நடுவராக. விதிநூல்களைப் பிரித்துப் போட்டு, எந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடுவது எனக்கு ஒரு வியாதி மாதிரி. ஆனால் நான் ராணுவத்தில் இருந்தவன் இல்லை, தொழில்முறை வரலாற்று ஆய்வாளனும் இல்லை. ஒரு சிப்பாய்க்குப் போர்க்களம் எப்படி இருந்தது என்று சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. மேசைக்கும் புத்தகத்துக்கும் நடுவில் என்ன தொலைந்துபோகிறது என்பதைத்தான் சொல்ல முடியும்.

இந்தப் பொழுதுபோக்குக்கு இரண்டு தாய்வீடுகள். ஒன்று ராணுவத் தலைமையகம், இன்னொன்று பிள்ளைகளின் விளையாட்டு அறை. தலைமையகத்துக் கதை பழைய ஜெர்மன் அரசான பிரஷ்யாவில் தொடங்குகிறது, உங்கள் பெட்டிக்கும் அதே ஊர்தான். தேர், யானை, குதிரை, காலாள் என்று நான்கு படைகளை வைத்து ஆடிய சதுரங்கம் ஐரோப்பாவுக்குப் போய், அங்கே 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிலர் அதன் கட்டங்களைப் பெருக்கி, மலை, ஆறு, பீரங்கி எல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். 1780இல் பிரன்ஸ்விக்கைச் சேர்ந்த ஹெல்விக் என்பவர் வெளியிட்டது அப்படிப்பட்டதுதான். ஆனால் கட்டம் இருக்கும் வரை அது சதுரங்கத்தின் பெரியண்ணன், அவ்வளவே. கட்டத்தைத் தூக்கி எறிந்தவர்கள் ரைஸ்விட்ஸ் குடும்பத்தார். அப்பா 1812இல் மூன்றாம் பிரெடரிக் வில்லியம் மன்னருக்கு, இழுப்பறைகளில் நிலத்துண்டுகள் அடுக்கிய ஒரு பெரிய மேசையையே செய்து கொடுத்தார். மகன் பீரங்கிப் படை லெப்டினன்ட். அவர் 1824இல் வெளியிட்ட விதிகளில் 1:8000 அளவு வரைபடம், சிவப்பு, நீல உலோகக் கட்டைகள், ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம், இழப்புகளைக் கணக்கிடப் பகடை, இரு தரப்புக்கும் நடுவில் எல்லாம் தெரிந்த ஒரு நடுவர். அதைப் பார்த்த தலைமைப் பணியகத் தலைவர் முஃப்லிங், இது விளையாட்டே இல்லை, போருக்கான பயிற்சி என்று சொன்னதாகப் பதிவு இருக்கிறது. கண்டுபிடித்த மகனுக்கு முடிவு நன்றாக அமையவில்லை. 1827இல் தற்கொலை செய்துகொண்டார். அவர் விட்டுப்போன நீலமும் சிவப்பும் மட்டும் நிலைத்துவிட்டன. இன்றைக்கும் நேட்டோ வரைபடங்களில் நம் தரப்பு நீலம், எதிரி சிவப்பு. பிரஷ்யச் சீருடை நீலம் என்பதால் அப்படி வந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

1870–71இல் பிரஷ்யர்கள் பிரான்ஸைத் தோற்கடித்ததும் மற்ற நாட்டு ராணுவங்கள் எல்லாம் திடீரென்று இந்த 'கிரீக்ஸ்பீல்' (ஜெர்மனில் போர் விளையாட்டு) மேல் கண் வைத்தன. ஜெயித்தவன் வீட்டுச் சமையல் குறிப்பு யாருக்கும் ருசிக்கும்தானே. கடற்படைகளும் பின்னாலேயே வந்தன. 1898இல் பிரெட் ஜேன் என்ற ஆங்கிலேயர் ஒரு கடற்போர் விளையாட்டை வெளியிட்டார். அதே வருடம் உலகத்துப் போர்க்கப்பல்களின் படங்களும் விவரங்களும் அடங்கிய அவருடைய நூலும் வந்தது. அதுதான் பின்னாளில் எல்லாக் கடற்படைகளும் புரட்டிப் பார்க்கும் 'ஜேன்ஸ் ஃபைட்டிங் ஷிப்ஸ்'. விளையாட்டுக்காரனுக்குத் தேவைப்பட்ட தகவல், அட்மிரல்களின் மேசைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ராணுவப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 1942 ஜனவரியில் லிவர்பூலில் தொடங்கிய ஒரு சிறிய பிரிவு. கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற கடற்படை அதிகாரியும், பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய பெண்கள் படைப்பிரிவினரும் ஒரு பெரிய அறையின் தரையில் கோடு போட்டு, சாக்பீஸால் கப்பல்களின் பாதையை வரைந்து, அட்லாண்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் எப்படிக் கப்பல் கூட்டத்துக்குள் நுழைகின்றன என்று ஆடிப் பார்த்தார்கள். ஆடும் அதிகாரிகள் திரைக்குப் பின்னால் நிற்பார்கள். ஓட்டை வழியாக, ஒரு கப்பல் தலைவனுக்குக் கடலில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவு மட்டும் பார்க்கலாம். நீர்மூழ்கிகள் இரவில், நீர்மட்டத்திலேயே, கூட்டத்தின் பின்பக்கமாக நுழைகின்றன என்று அங்கே கண்டுபிடித்து, அதற்கு 'ராஸ்ப்பெரி' என்று ஒரு எதிர்த் தந்திரமும் வகுத்தார்கள். தானே நீர்மூழ்கித் தலைவராக இருந்த அட்மிரல் மேக்ஸ் ஹார்ட்டன் வந்து ஆடியபோது ஜேனட் ஓக்கல் என்ற இளம்பெண்ணிடம் தோற்றார். போர் முடிவதற்குள் சுமார் 5,000 அதிகாரிகள் அந்தத் தரையில் பயிற்சி பெற்றார்கள். பொம்மையும் பகடையும் வீண் வேலை என்று யாராவது சொன்னால் நான் எடுத்து நீட்டுவது இதைத்தான்.

இனி விளையாட்டு அறை. நியூரம்பர்க் பட்டறைகளில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே தட்டையான வெள்ளீயச் சிப்பாய்களை வார்த்தார்கள். அங்கே பேர்பெற்ற ஹில்பர்ட், பிரஷ்ய மாமன்னர் பிரெடரிக்கின் உருவத்தையே வார்த்து விற்றவர். ஆக ஆரம்பத்திலிருந்தே பொம்மைக்கு ஒரு நாட்டின் சட்டை உண்டு. 1826இல் பிரான்டே குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அப்பா பன்னிரண்டு மரச் சிப்பாய்கள் வாங்கி வந்த கதை தெரிந்திருக்கலாம். பின்னாளில் நாவலாசிரியரான ஷார்லட் ஒன்றைப் பாய்ந்து எடுத்து இவன்தான் வெலிங்டன் என்றாள், தம்பி பிரான்வெல் தன்னுடையதை போனபார்ட் ஆக்கினான். வெலிங்டன் தரப்பு நெப்போலியன் போனபார்ட்டைத் தோற்கடித்த வாட்டர்லூ போர் முடிந்து பதினோரு வருடம்தான் ஆகியிருந்தது. 1893இல் பிரிட்டன்ஸ் நிறுவனம் உள்ளே கூடாக ஈயத்தை வார்க்கும் முறையைக் கொண்டுவந்ததும் விலை இறங்கியது. நடுத்தரக் குடும்பத்துச் சிறுவர்களும் ரெஜிமென்ட் ரெஜிமென்டாகச் சேர்க்க முடிந்தது. எச்.ஜி. வெல்ஸ் 1913இல் தரையில் ஆடுவதற்கு 'லிட்டில் வார்ஸ்' என்று விதிகள் எழுதினார். பகடை இல்லை, சுருள்வில் பீரங்கியால் மரக்குச்சியைச் சுட்டுப் பொம்மையைச் சாய்க்க வேண்டும். இதை நாலு தடவை ஆடினாலே உண்மையான பெரும் போர் எவ்வளவு மடத்தனமானது என்று புரிந்துவிடும் என்பது அவர் வாதம். அடுத்த வருடமே முதல் உலகப்போர் வந்தது.

இரண்டாம் உலகப்போருக்கு அப்புறம்தான் இந்த இரண்டு வீடும் கலந்தன. டேங்க் படையில் இருந்த டொனால்ட் ஃபெதர்ஸ்டன் 1962இல் எழுதிய புத்தகம், கமாண்டோ பிரிகேடியராக இருந்த பீட்டர் யங்கின் விதிகள், 1969இல் தொடங்கிய, விதிநூல்கள் எழுதிய வார்கேம்ஸ் ரிசர்ச் குரூப், மலிவான ஏர்ஃபிக்ஸ் பிளாஸ்டிக் சிப்பாய்கள். இன்று நாம் ஆடுவதெல்லாம் இவர்களின் பேரப்பிள்ளை. அமெரிக்கப் பக்கத்தில் ஒரு வேடிக்கை. டோட்டன் என்ற ராணுவ அதிகாரி 1880இல் எழுதிய பயிற்சி விதிகளை டேவிட் வெஸ்லி என்ற மாணவர் நூலகத்தில் கண்டெடுத்து, அதிலிருந்த எல்லா அதிகாரமும் கொண்ட நடுவரைத் தன் நெப்போலியன் கால ஆட்டத்துக்குக் கொண்டுவந்தார். அந்த நடுவர்தான் கொஞ்ச வருடத்தில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டின் கதைசொல்லியாக மாறினார். சரி, கிளைக்கதை போதும்.

உங்கள் நண்பரின் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். தேசப் பெருமை பொம்மை மேசைக்குள் எப்படி நுழைகிறது என்பதற்கு ஒரு நல்ல சாட்சி லண்டனில் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வில்லியம் சைபார்ன் என்ற லெப்டினன்ட்டுக்கு 1830இல் ஒரு பொறுப்பு வந்தது: வாட்டர்லூ போரை அளவு மாதிரியாகச் செய்து தர வேண்டும். மனிதர் வேலையைக் கடமைக்குச் செய்யவில்லை. போர் நடந்த இடத்திலேயே, லா ஹே சேன்ட் பண்ணைவீட்டில், எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். போரில் இருந்த அதிகாரிகளுக்குச் சுற்றுக்கடிதம் அனுப்பி, மாலை ஏழு மணி சுமாருக்கு உங்கள் படை எங்கே நின்றது, எதிரில் யார், வயலில் என்ன பயிர் என்றெல்லாம் கேட்டார். நூற்றுக்கணக்கான பதில்கள் வந்தன. பல்லாயிரம் சிறு ஈயப் பொம்மைகளை நிறுத்தி 1838இல் லண்டனில் காட்சிக்கு வைத்தார். கூட்டம் அலைமோதியது. ஆனால் நடுவிலேயே அரசு பணத்தை நிறுத்திவிட்டதால் மனிதர் கடனில் மூழ்கினார்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், உங்கள் பெட்டியில் இருக்கிற பிரஷ்யர்களிடம். அன்று மாலை நெப்போலியனின் வலது பக்கத்தில், பிளான்சென்வா கிராமத்தில், பிரஷ்யர்கள் எவ்வளவு பேர், எவ்வளவு தூரம் முன்னேறியிருந்தார்கள் என்பதைத் தான் திரட்டிய தகவலின்படி சைபார்ன் மாதிரியில் காட்டினார். வெலிங்டன் தரப்புக்கு அது உவப்பாக இல்லை. இவ்வளவு பிரஷ்யர்கள் நின்றால் வெற்றி யாருடையது? பல வருட இழுபறிக்குப் பிறகு சைபார்ன் பிரஷ்யப் பொம்மைகளைக் குறைத்தார். இதுவரை உறுதி. ஏன் குறைத்தார் என்பதில்தான் ஆய்வாளர்கள் அடித்துக்கொள்கிறார்கள். மேலிடத்து அழுத்தம், கடன் நெருக்கடி, அதனால் பணிந்தார் என்று ஒரு கட்சி. புதிய சான்று கிடைத்து உண்மையிலேயே மனம் மாறினார் என்று இன்னொரு கட்சி. நான் முதல் கட்சிப் பக்கம் கொஞ்சம் சாய்கிறவன், ஆனால் நீதிமன்றத்தில் நிரூபி என்றால் என்னால் முடியாது.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, மாதிரியைச் செய்வதற்காகச் சேர்த்த கடிதக்கட்டு இன்றைக்கும் வாட்டர்லூவை எழுதுகிறவர்களுக்கு முக்கியமான ஆதாரம். ஒரு பொம்மை வேலை உண்மையான வரலாற்றுக்குக் கொடுத்த சீர் அது. இரண்டு, அந்தக் கடிதங்கள் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன. மாலை ஏழு மணி என்று கேட்டதால் ஏழு மணி பற்றித்தான் நிறையத் தெரியும். கேட்டது பெரும்பாலும் பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் என்பதால் பெரும்பாலும் பிரிட்டிஷ் கண்ணில்தான் தெரியும். வெலிங்டனின் படை சுமார் 68,000 பேர். அதில் பிரிட்டிஷ்காரர்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். மற்றவர்கள் நெதர்லாந்துக்காரர்கள், பெல்ஜியர்கள், பல ஜெர்மன் சிற்றரசுகளின் ஆட்கள். பின்னால் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வார்கேம் விதிகளில் அந்த நெதர்லாந்து, பெல்ஜியப் படைகளுக்கு மனவுறுதி எண் (அடி விழும்போது படை நிற்குமா, ஓடுமா என்று தீர்மானிப்பது) பல காலம் தாழ்வாகவே இருந்தது. ஏன்? 1815இல் அவர்களைப் பற்றி எழுதிவைத்தவர்கள் பக்கத்தில் நின்ற பிரிட்டிஷ் அதிகாரிகள். அவர்கள் மொழியில் இருந்த ஆவணங்களைப் படித்தவர்கள் ரொம்பக் குறைவு.

என் அனுபவத்தில் வரலாறு திரிகிற இடம் கொடியோ சீருடையோ இல்லை, எண்தான். சீருடையில் தப்பு செய்தால் பத்துப் பேர் வந்து திருத்துவார்கள். இந்தப் பொழுதுபோக்கில் 'பொத்தான் எண்ணுகிறவர்கள்' என்று ஒரு இனமே உண்டு. கழுத்துப்பட்டை நிறம் ஒரு மாற்றுக் குறைந்தாலும் தூக்கம் வராது அவர்களுக்கு. ஆனால் அதே மேசையில் ஒரு நாட்டுப் படைக்கு மனவுறுதி 4, இன்னொன்றுக்கு 3 என்று போட்டிருந்தால், அந்த 3 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

இதில் மோசமானது இரண்டாம் உலகப்போரின் கிழக்கு முனை. போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவத்தின் வரலாற்றுப் பிரிவு, பிடிபட்ட ஜெர்மன் தளபதிகளை வைத்து அவர்களின் போர் அனுபவங்களை எழுதவைத்தது. அந்த வேலைக்குத் தலைமை வகித்தவர் ஹிட்லரிடம் தலைமைப் பணியகத் தலைவராக இருந்த ஃபிரான்ஸ் ஹால்டர், அதுவும் 1961 வரை. அடுத்த எதிரி சோவியத் என்று நினைத்த அமெரிக்கர்களுக்கு, சோவியத்தோடு மோதியவர்களின் அனுபவம் வேண்டியிருந்தது. எழுதியவர்களுக்கோ தங்கள் பேரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. ஆகவே கதை இப்படி அமைந்தது: ஜெர்மன் ராணுவம் திறமையானது, கை சுத்தமானது, தோற்றது ஹிட்லரின் குறுக்கீட்டாலும் ரஷ்யக் குளிராலும் முடிவில்லாத மனிதக் கும்பலாலும். சோவியத் ஆவணங்கள் பூட்டிக் கிடந்ததால் எதிர்க்கட்சி வாதமே மேற்கில் கேட்கவில்லை. 1960, 70களில் விதி எழுதியவர்கள் கையில் இருந்தவை பெரும்பாலும் இந்த நினைவுக்குறிப்புகளும் அவற்றைப் பின்பற்றிய நூல்களும்தான். 1991க்குப் பிறகு சோவியத் ஆவணங்கள் ஓரளவு திறந்தபோது, 1943க்குப் பிந்திய செம்படை எவ்வளவு நுணுக்கமாகத் திட்டமிட்டது, எதிரியை எவ்வளவு சாமர்த்தியமாக ஏமாற்றியது என்றெல்லாம் வெளியே வந்தது. ஆய்வு மாறியது, விதிகள் மெதுவாகத்தான் மாறின. 2012இல் வந்த 'போல்ட் ஆக்‌ஷன்' என்ற இரண்டாம் உலகப்போர் விதிநூலின் முதல் பதிப்பில்கூட சோவியத் படை எடுத்தால் அனுபவமில்லாத ஒரு காலாட்படைக் குழு இலவசம். ஜெர்மன் எந்திரத் துப்பாக்கிக்கு ஒரு பகடை கூடுதல். ஒருவனுக்குத் தலைக்கணக்கு, இன்னொருவனுக்குத் தொழில்நேர்த்தி. ஆட்டமாக அது ஜோராக இருக்கும், நானே ரசித்து ஆடியிருக்கிறேன். ஆனால் அந்த இலவசக் குழுவில் இருப்பது ஹால்டர் காலத்துக் கதையின் மிச்சம்.

நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். படைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடைகளில் அவர்களின் பொம்மைகள் நிறைய விற்கும், காரணம் அந்தப் புள்ளிபோட்ட உடைகள் பெயின்ட் அடிக்க அழகானவை. விதிநூலில் அவர்கள் 'வெறியர்', 'அனுபவசாலி' என்று உயர்ந்த எண்ணோடு வருவார்கள். அவர்கள் கிராமங்களில் செய்ததற்கு எந்த எண்ணும் கிடையாது, மேசையில் கிராமத்து மக்களே கிடையாது. ஜெர்மனியில் குற்றவியல் சட்டம் 86அ பிரிவின்படி நாஜிச் சின்னங்களைப் பரப்பக் கூடாது. அதனால் அங்கே விற்கும் மாதிரி விமானங்களின் வால் சின்னம் வெட்டியோ மாற்றியோதான் வரும். சின்னத்தை வெட்டினால் போதுமா என்பது வேறு விவாதம். நான் அந்தப் படையை வைத்துக்கொள்வதில்லை. வைத்திருப்பவரை எல்லாம் சந்தேகப்படுவதும் இல்லை. ஆனால் அவர் பேச ஆரம்பித்த பத்தாவது நிமிடத்தில் ஏன் வைத்திருக்கிறார் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அப்படியானால் மேசை எதைத்தான் ஒழுங்காகக் கற்றுக்கொடுக்கிறது? தூரமும் நேரமும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு படைப்பிரிவு சாலையில் நீள்வரிசையாகப் போகும்போது எவ்வளவு இடத்தை அடைக்கிறது, அதை விரித்து நிறுத்த எவ்வளவு நேரம் பிடிக்கிறது, பக்கவாட்டில் எதிரி வந்துவிட்டால் திரும்புவது ஏன் அவ்வளவு கஷ்டம் என்பதைப் புத்தகத்தில் பத்துத் தடவை படித்தும் எனக்குப் புரியவில்லை. மேசையில் ஒரே ஒரு தடவை மாட்டிக்கொண்டேன், புரிந்துவிட்டது. இருப்புப் படையை எப்போது இறக்குவது என்ற தவிப்பும் அப்படித்தான். சீக்கிரம் இறக்கினால் தீர்ந்துபோகும், தாமதித்தால் பயன்படாது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 1757 டிசம்பர் 5இல் லாய்தன் என்ற இடத்தில் அதே பிரஷ்ய மாமன்னர் பிரெடரிக், தன்னைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிய ஆஸ்திரியப் படையைத் தோற்கடித்தார். ஆஸ்திரியரின் வலது பக்கத்தைத் தாக்கப்போவதுபோல் காட்டிவிட்டு, தாழ்ந்த குன்றுகளின் மறைவில் படையைத் தெற்கே நகர்த்தி அவர்களின் இடது பக்கத்தை அடித்தார். ஜெர்மானியப் பெருமைக் கதைகளில் இதற்குத் தனி இடம் உண்டு. மேதை அரசன், முட்டாள் எதிரி, இரவில் படை முழுவதும் சேர்ந்து பாடிய தோத்திரப் பாடல் என்று. இதை நேராக மேசையில் வைத்தால் ஆஸ்திரிய ஆட்டக்காரர் முதல் வேலையாக இடது பக்கத்தைப் பலப்படுத்திவிடுவார், அவருக்குத்தான் முடிவு தெரியுமே. அதனால் நான் நடுவராக இருந்தபோது வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பி, ஊர்ப் பெயர்களை மாற்றி, இரண்டு தரப்பையும் கற்பனை நாடுகளாக்கி, வேறு காலத்துச் சிப்பாய்களைக் கொடுத்து ஆடவிட்டேன். 'ஆஸ்திரியர்' என்ன செய்தார் தெரியுமா? எதிரியின் முன்னணி தெரிந்த பக்கத்துக்கு இருப்புப் படையை அனுப்பினார். அன்றைக்கு ஆஸ்திரியத் தளபதிகள் செய்தது அதேதான். ஆடியவர் முட்டாள் இல்லை, எங்கள் குழுவிலேயே நிதானமானவர். அவருக்குத் தெரிந்த தகவலை வைத்துப் பார்த்தால் அது சரியான முடிவு. முட்டாள் எதிரி என்ற கதை என் மனதில் அன்றோடு உடைந்தது. பெருமைக் கதையை வளர்ப்பது மட்டுமில்லை, நடுவர் மெனக்கெட்டால் அதை உடைக்கவும் மேசைக்குத் தெரியும்.

மேசை சொல்லும் பொய்களும் இருக்கின்றன, அவை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. 24 பொம்மைகள் எழுநூறு பேர் கொண்ட பட்டாலியன் என்று வைத்துக்கொள்கிறோம். ஒரு வீடுதான் முழுக் கிராமம். தரை அளவையில் கணக்குப் போட்டால் 28 மி.மீ. சிப்பாய் தென்னை மரத்தைவிட உயரமாக நிற்பான். மேலேயிருந்து பார்க்கும் ஆட்டக்காரருக்கு எல்லாம் தெரியும், எந்தத் தளபதிக்கும் அப்படித் தெரிந்ததில்லை. இரண்டு பக்கமும் சம புள்ளி மதிப்புள்ள படைகள் என்பது போட்டிக்குச் சரி, வரலாற்றில் யாரும் சமமாகப் பார்த்துச் சண்டைக்கு வந்ததில்லை. பசி, வயிற்றுப்போக்கு, கிழிந்த பூட்ஸ் எதுவும் வராது. வெலிங்டனே ஒரு கடிதத்தில், போரின் வரலாறு நடன விருந்தின் வரலாறு மாதிரி, அவரவருக்குச் சின்னச் சின்ன சம்பவங்கள் நினைவிருக்கும், எது எப்போது எந்த வரிசையில் நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்ற கருத்தில் எழுதினார். நாமோ சுற்று சுற்றாக வரிசைப்படுத்தி ஆடுகிறோம்.

கடைசியாகச் சந்தேகத்துக்குரிய ஒரு கதையை எச்சரிக்கையோடு சொல்கிறேன், ஏனென்றால் எங்கே போனாலும் இதைக் கேட்பீர்கள். 1942இல் மிட்வே போருக்கு முன் ஜப்பானியர்கள் அதை ஆடிப் பார்த்தபோது, பகடை விழுந்ததில் அவர்களின் விமானந்தாங்கிக் கப்பல்கள் மேல் ஒன்பது குண்டுகள் விழுந்ததாகக் கணக்கு. தலைமை நடுவராக இருந்த அட்மிரல் உகாகி அதை மூன்றாகக் குறைத்தார், மூழ்கிய கப்பலையும் அப்புறம் மிதக்கவிட்டார். நிஜப் போரில் அங்கே போன நான்கு விமானந்தாங்கிகளும் மூழ்கின. ஆணவத்துக்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது. ஆட்டம் நடந்தது உண்மை. ஆனால் இந்த விவரங்களை உலகத்துக்குப் பரப்பியது ஃபுச்சிதா என்ற விமானத் தலைவரும் ஒகுமியாவும் போருக்குப் பின் எழுதிய நூல், அதே நூலில் ஃபுச்சிதா சொன்ன வேறு சில முக்கியமான விஷயங்கள் தவறு என்று பின்னால் நிறுவப்பட்டுவிட்டது. தோற்ற நாட்டில் பழியை யார் தலையில் கட்டுவது என்று தேடிய காலத்தில் எழுதியது. அதனால் நான் இதை முழுக்க நம்பவும் இல்லை, தூக்கி எறியவும் இல்லை.

ஆக உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. ஆனால் அவர் பெயின்ட்டைக் குற்றம் சொல்கிறார், நான் விதிநூலின் பின்பக்கத்து அட்டவணையைக் குற்றம் சொல்வேன். நீங்கள் ஆட ஆரம்பித்ததும் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே போரை இரண்டு தடவை ஆடுங்கள், இரண்டாம் தடவை பக்கம் மாறி. எந்த நாட்டுக்காவது தனிச் சலுகை இருந்தால், அது ஆயுதத்தால் வந்ததா, பயிற்சியால் வந்ததா, இல்லை 'அந்த இனமே அப்படித்தான்' என்ற நினைப்பால் வந்ததா என்று பாருங்கள். மூன்றாவது வகை என்றால் எதிராளியிடம் பேசி அந்தச் சலுகையை நீக்கிவிடலாம், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

இனி உங்கள் பெட்டி. புதிதாகத் தொடங்குகிறவருக்கு லாண்ட்வேர் நல்ல தேர்வு. 1813 மார்ச்சில் அவசரமாகத் திரட்டிய படை, கிடைத்த துணியில் தைத்த உடை. அதனால் நீலம் ஒருவனுக்கு வெளிறியும் ஒருவனுக்குக் கறுத்தும் இருந்தால் பொத்தான் எண்ணுகிறவர்களே வாயைத் திறக்க முடியாது. முதல் பூச்சாகக் கறுப்பு பிரைமர் அடித்து மேலே நீலம் ஏற்றுங்கள். கழுத்துப்பட்டைக்கு மஞ்சள் போட்டால் சைலேஷிய மாகாணத்துப் படை. தொப்பியில் இருக்கும் சிலுவையைக் கடைசியில் வெள்ளி நிறத்தில் தொட்டுவிடுங்கள். தாய்நாட்டுக்காக மக்கள் தாமாகப் பொங்கி எழுந்த படை என்று பிற்கால ஜெர்மன் பள்ளிப் பாடங்கள் இவர்களைப் பாடின. உண்மையில் பெரும்பாலோர் கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட விவசாயிகள். வாட்டர்லூ அன்று பிளான்சென்வாவில் மோதிய, பிரஷ்யத் தளபதி பியூலோவின் நான்காம் கோரில் (பெரும் படைப்பிரிவு) பெரும்பகுதி இவர்கள்தான், சைபார்ன் தன் மேசையிலிருந்து எடுத்த பொம்மைகளில் இவர்களும் உண்டு.